நடுத்தண்ணீரில் வைத்த பெயர்

அன்புள்ள டில்டுவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததும் நீ "சொல்லுப்பா" என்பாய், நான் உடனே வேறு ஏதாவது சொல்லிவிடுவேன். இருபத்தேழு வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். மற்றவர்களைவிட ஆழமாகப் படித்தேன் என்று அதைப்பற்றி உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், விஷயம் இன்னும் கோணல். பொறுமையாகப் படி. பெங்களூரில் உன் ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார இடம் கிடைத்ததும் படி.

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி என் மேஜைமேல் கிடக்கிறது. இங்கே கரியாஹாட் அச்சகத்துக்காரர் வங்காளி, தமிழ் தெரியாது. எழுத்துகளைக் கோலம் பார்ப்பதுபோலப் பார்த்துத்தான் போடுகிறார், ஆனாலும் ஒரு பிழை இல்லை. திங்கட்கிழமைக்குள் திருத்தம் இருந்தால் தரச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. 'திருவளர்செல்வி' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் எந்தப் பெயர் என்பது. அம்மா ஆசைப்பட்டபடி புரோகிதர் உன் காதில் மூன்று தடவை சொன்ன விசாலாட்சியா, இல்லை சர்ட்டிபிகேட்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிற மெட்டில்டாவா?

சம்பந்தி அம்மாள் திருச்சியிலிருந்து கூப்பிட்டு எவ்வளவு தன்மையாகப் பேசினார் என்பது உனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொண்ணு தங்கம். ஆனா எனக்குப் பத்தாங்கிளாஸ் கணக்கு டீச்சர் பேரு மெட்டில்டா. அந்தப் பேரக் கேட்டாலே இன்னும் உள்ளங்கை எரியுது. எங்க வீட்டுப் பெரியவங்க வேற, பொண்ணு வீட்டுக்காரங்க வேதத்துல சேந்து கிறிஸ்தவங்களாயிட்டாங்களான்னு கேக்கறாங்க. பத்திரிகையில மட்டும் விசாலாட்சின்னு போட்டுக்கலாமே?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் இருபத்தேழு வயது ஆகிறது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். "முடியாதுன்னு சொல்லிட்டேம்ப்பா. அவன்கிட்டயும் மூணு நாளா சரியா பேசல. அது எங்கப்பா யோசிச்சு யோசிச்சு வெச்ச பேரு, லைப்ரரியில போய் புத்தகமெல்லாம் பாத்து ராணி பேரா எடுத்து வெச்சது, அத மாத்தறதுன்னா கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டேன்." சொல்லும்போது உன் குரல் உடைந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டாள். நான் யோசிக்காத ஒரு யோசனைக்காக நீ நல்ல பையன் ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ பிறந்த அன்று காலையில் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. நான் கிடர்பூர் டாக்கில் கப்பல் சரக்கு எண்ணும் குமாஸ்தா. அன்றைக்கு எனக்கு லீவு. ஆனால் மத்தியானம் கிளம்பப்போகிற ஒரு கப்பலின் காகிதத்தில் சீஃப் ஆபீசரின் கையெழுத்து ஒன்று பாக்கி. "ரெண்டே மணி நேரம். வாங்கிட்டு நேரா நர்சிங் ஹோமுக்கு வந்துடறேன்" என்றேன். மாடி வீட்டு பௌதி (உனக்கு அவள் பெரியம்மா மாதிரி, எனக்கு அண்ணி மாதிரி) டாக்ஸி பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறும்போது அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சாப்பிடறதுக்கு எங்கயும் நிக்காதீங்க." கல்யாணமாகி ஒன்றரை வருடத்திலேயே அவள் என்னை முழுக்கப் படித்து முடித்திருந்தாள்.

நான் நிற்கவில்லை, உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்ட கிழ ஆபீசர் ஒரு ஜெர்மன்காரர், வெள்ளைத் தாடி, பெரிய தொந்தி. என்னைப் போன்ற சாப்பாட்டுப் பிரியனைப் பார்த்தால் அவருக்கும் ஒரு சந்தோஷம் போலிருக்கிறது. சாப்பாட்டு அறையிலிருந்து வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கின் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் ஆப்பிள் கேக். "ஐந்து நிமிஷம்" என்றார். நானும் ஐந்து நிமிஷம்தான் என்று நினைத்தேன். இரண்டாம் துண்டு கேக்கில் இருக்கும்போது தரை மெல்ல அசைந்தது. எட்டிப் பார்த்தால் கரை நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏணிப்படியைத் தூக்கிவிட்டார்கள், இழுவைப் படகுகள் கப்பலைக் கரையிலிருந்து இழுத்துவிட்டன.

டாக்கை விட்டு ஆற்றுக்குப் போக லாக் கேட் என்கிற தண்ணீர்க் கதவைத் தாண்ட வேண்டும். கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உயர்ந்தால்தான் வரிசையாக விடுவார்கள். எங்கள் முறை மூன்றாவது. அதுவரை கப்பல் நடுத்தண்ணீரில், கப்பலுக்குள் நான். கரை கண்ணுக்கு எதிரே, பஸ் ஹாரன்கூடக் கேட்கிறது. எனக்கோ நீச்சல் தெரியாது. கிழவரிடம் கையைக் காலை ஆட்டி விஷயத்தைச் சொன்னேன். "மனைவிக்குப் பிரசவமா? பிள்ளை என்ன?" என்று கேட்டார். "தெரியாது சார், நான் இங்க இருக்கேனே" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. பிறகு என்னைத் தேற்றுவதற்காக, சுவரில் மாட்டியிருந்த மிதவை வளையத்தில் கப்பலின் பெயரைக் காட்டி அதன் அர்த்தத்தைச் சொன்னார். பழைய ஜெர்மன் பெயராம். முதல் பாதிக்கு வலிமை என்று பொருள், பின்பாதிக்குப் போர். போரில் வலிமையுள்ளவள். "இந்தப் பெயர் வைத்த பெண்ணை யாரும் லேசில் அசைக்க முடியாது" என்றார். கப்பலையும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பெயர்தான் மெட்டில்டா, மகளே.

அதே நேரம் நர்சிங் ஹோமிலிருந்து பௌதி டாக் ஷெட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். எடுத்தவர் ஷெட் பாபு, அங்கத்திய குமாஸ்தா. "உங்க ஆளு மெட்டில்டாவுல இருக்காரு. நடுத்தண்ணியில. சாப்பாடு நல்லா நடக்குதுன்னு கேள்வி" என்று சொல்லிவிட்டார். பௌதி அதை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தாள். நீ பிறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொட்டிலில் கட்டும் சீட்டில் எழுத நர்ஸ் பெயர் கேட்டாளாம். அம்மா சொன்னாள்: "அப்பா எங்க போய் உக்காந்திருக்காரோ அந்தப் பேரையே எழுதுங்க. கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு ஞாபகம் வரட்டும்." பௌதிக்கு ஒரே குஷி. வங்காளிகள் வீட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர் உண்டே. வீட்டில் கூப்பிட ஒரு டாக்நாம், வெளியுலகத்துக்கு ஒரு நல்ல பெயர். "டாக்நாம் ஆயிடுச்சு, நல்ல பேர மெதுவா வெச்சுக்கலாம்" என்று சொல்லி, அப்போதே அதை டில்டு என்று நறுக்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் லாக் சுவரை ஒட்டிக் கப்பல் நின்றபோது கயிற்றேணியில் இறங்கினேன். இறங்கும்போது ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. ஒற்றைச் செருப்பும், கிழவர் காகிதத்தில் சுற்றிக்கொடுத்த கேக்குமாக நர்சிங் ஹோமுக்குப் போனேன். அம்மா என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "எங்க இருந்தீங்க?" கேக்கை நீட்டினேன். வாங்கினாள். ஒரு துணுக்குகூட எனக்குக் கொடுக்காமல், நிதானமாக, முழுவதையும் தின்றாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "பேரு வெச்சாச்சு. போய்ப் பாருங்க" என்றாள். தொட்டிலில் நீ. உன் கை என் சுண்டுவிரல் அளவு. பக்கத்தில் கட்டியிருந்த சீட்டில், நர்ஸின் வங்காள எழுத்தில், அந்தக் கப்பல்.

இதுவரை கேட்டதற்கே நீ "த்யாத்!" என்று காகிதத்தைத் தூக்கிப் போட்டிருப்பாய். பொறு, இன்னும் இருக்கிறது. அம்மாவின் கோபம் பத்து நாள்தான். பதினோராம் நாள் புரோகிதர் வந்து விசாலாட்சி என்று பெயர் வைத்தார். பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று அம்மா என்னைக் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு அனுப்பினாள். அந்தப் பத்து நாளும் நான் ஆபீசில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வேலையில்லாத நாளில் கப்பலில் மாட்டிக்கொண்டது ஏன் என்று விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பிரதி. மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுபடி மூன்று பிரதி. எங்கள் டாக்கில் எந்தப் பாரத்தை (படிவத்தை) எடுத்தாலும் முதல் கட்டத்தில் கப்பல் பெயரை எழுத வேண்டும். கை பழகிவிட்டது. கார்ப்பரேஷன் பாபு பாரத்தை நீட்டினார். முதல் கட்டத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் மெட்டில்டா என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் புறப்படும் துறைமுகத்தைத் தேடினேன்.

பாபு என் ஆபீஸ் அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க அப்பா பேரு சுப்பையா. பொண்ணு பேரு இதுதானா? நிச்சயமா?" அப்போதுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது. அவர் நல்ல மனிதர். நான் முழித்ததைப் பார்த்து, "தப்பாயிடுச்சுன்னா புதுப் பாரம் தரேன். பரவால்ல" என்று இன்னொன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் புதுப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். விசாலாட்சி என்று எழுதப் பேனாவையும் திறந்தேன். அப்போது காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. அங்கே வரக் கிளம்பும்போது தொட்டில் பக்கம் குனிந்து, "மெட்டில்டா, அப்பா போயிட்டு வரேன்" என்றேன். நீ தலையைத் திருப்பினாய். பதினோரு நாள் குழந்தைக்குப் பெயர் ஏது, காது ஏது, ஏதோ ஈ பறந்திருக்கும். ஆனால் நீ திரும்பினாய். வலி எடுத்தபோது நான் பக்கத்தில் இல்லை, நீ முதல் தடவை அழுதபோது இல்லை. அந்தப் பெயரைச் சொன்னபோதுதான் நாம் இரண்டு பேரும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை அடித்துவிட்டு எழுதக் கை வரவில்லை. புதுப் பாரத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பழையதைப் பாபுவிடமே நீட்டினேன். "நிச்சயம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தைரியம் போய்விட்டது. அம்மா பாரத்தின் நகலைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. "யோசிச்சுத்தான் வெச்சேன். அது ஒரு பெரிய ராணியோட பேரு" என்று சொல்லிவிட்டேன். "எந்த ராணி?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள்தான் லைப்ரரிக்கு ஓடினேன். முதலில் பெயர், பிறகுதான் ராணி. நீ இத்தனை வருடம் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் அதிர்ஷ்டம் நல்ல அதிர்ஷ்டம். லைப்ரரியில் ராணிகள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி ஜெர்மனி நாட்டு ராணி. கையில் இருப்பதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பெற்ற பிள்ளைகளோடேயே தகராறு. கடைசியில் அவளைப் புனிதையாக்கிக் கோயில் கட்டிவிட்டார்கள். ஒருத்தி, இங்கிலாந்தைப் பிடித்த ராஜாவின் மனைவி. முதலில் அவனை மாட்டேன் என்று சொன்னாளாம், அவன் வந்து பின்னலைப் பிடித்து இழுத்தானாம். இது கட்டுக்கதை என்று அந்தப் புத்தகமே சொன்னது. கட்டுக்கதை என்றாலும் அவனை நம் வீட்டு வாசற்படி ஏற்றியிருக்க மாட்டேன். இத்தாலியில் இன்னொருத்தி, படை நடத்தியவள். அவள் கோட்டை வாசலில் ஒரு சக்கரவர்த்தி, கோட்டைக்குள் தங்கியிருந்த போப்பாண்டவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காக மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றிருக்கிறான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒத்தைச் செருப்போட வந்தவரைவிட அவன் மரியாதை தெரிஞ்சவன்" என்றாள்.

உனக்குப் பிடித்தவள் நாலாவது ஆள். ராஜாவின் மகள், அப்பாவே இவள்தான் எனக்கப்புறம் என்று சொல்லியும், சொந்தக்காரன் ஒருவன் முந்திக்கொண்டு கிரீடத்தை எடுத்துப் போட்டுக்கொண்டான். குளிர்காலத்தில் கோட்டையை வளைத்துவிட்டார்கள். அவள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, இரண்டு மூன்று பேரோடு, உறைந்துபோன ஆற்றின்மேல் நடந்து எதிரிகளின் நடுவிலேயே தப்பிப் போனாள். பனியும் வெள்ளை, அவளும் வெள்ளை, ஒருவன் கண்ணிலும் படவில்லை. அம்மா அதையும் கேட்டாள். "அவ ஆத்து மேலயே நடந்து தப்பிச்சா. நீங்க ஏணிப்படி இருக்கும்போதே இறங்கித் தப்பிக்கல" என்றாள். அதோடு என் பொய்யை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் உன்னிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆரம்பிச்சவரே முடிக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பார். போரில் வலிமையுள்ளவள் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உனக்கு ஆறு வயதில், பூஜைக்கு முன்னால் ஊருக்குப் போகும்போது ரயில் சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் தாண்டிச் சிக்னலில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் காஷ் என்கிற நாணல் பூ, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. "அப்பா, இதான் பனியா?" என்று கேட்டாய். "இதேதான்" என்றேன். வெயில் தொண்ணூறு டிகிரிக்கு மேல், எனக்கு வியர்வை ஆறாக ஓடுகிறது. நீ பெட்ஷீட்டை உருவிப் போர்த்திக்கொண்டு, சீட்டுக்கடியில் எதிரிகளின் கால்களுக்கு நடுவே ஊர்ந்து அந்தக் கோடியில் இருந்த கதவு வரைக்கும் தப்பிப் போனாய். டிக்கெட் பரிசோதகர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். "பேரு என்னம்மா?" என்று கேட்டார். எழுந்து நின்று பெட்ஷீட்டைச் சரிசெய்துகொண்டு முழுப்பெயரையும் சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்?

இவ்வளவையும் இப்போது சொல்வது எதற்கென்றால், நீ எதற்காகச் சண்டை போடுகிறாய் என்பது உனக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா புத்தகம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ராணிக்காக என்றால், அப்படி ஒன்று நடக்கவில்லை. அதற்காக அந்தப் பையனிடம் பேசாமல் இருக்காதே, இப்போதே கூப்பிடு. உருளைக்கிழங்குக்கு ஆசைப்பட்ட ஒருவன், கோபக்காரி ஒருத்தி, பழக்கதோஷத்தில் எழுதின ஒரு கட்டம், இவ்வளவுதான் உன் பெயரின் சரித்திரம். அதற்கப்புறம் அந்தப் பெயரைப் பெயராக ஆக்கியதெல்லாம் நீதான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களைச் சமாளித்ததும், ஆபீசில் எல்லோரும் மரியாதையாக அந்தப் பெயரைச் சொல்ல வைத்ததும் நீ. அது எனக்குச் சொந்தமில்லை, கப்பலுக்கும் சொந்தமில்லை. உனக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள். சம்பந்தி அம்மாளின் உள்ளங்கைக்காக விட்டுக்கொடுக்கத் தோன்றினால் விட்டுக்கொடு. அப்பா மனசு கஷ்டப்படும் என்ற கணக்கை மட்டும் எடுத்துவிடு. எனக்குத் தேவையான கஷ்டத்தை உன் அம்மா அவ்வப்போது கொடுத்துவிடுகிறாள்.

புத்தி சொல்லும் அளவுக்கு நான் படித்தவனில்லை. பட்டதை மட்டும் சொல்கிறேன். தப்புச் செய்த அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் ஒரு ராணி தேவைப்படுகிறாள், ஒரு வாரம் தள்ளினால் நாலு ராணி. மாப்பிள்ளை லேட்டாக வந்தால் எங்கே இருந்தாய் என்று கேள், கேட்டுவிட்டுப் பதிலை முழுக்கக் கேள். அவன் கையில் ஏதாவது தின்பண்டம் இருந்தால் முதலில் அதைச் சாப்பிட்டுவிடு, அம்மா செய்தது சரியான முறைதான். ஆனால் பாதியாவது கொடு. அந்த ஆப்பிள் கேக்கின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதை எழுதும்போது அம்மா பின்னால் வந்து நின்று, வழக்கம்போலக் கேட்காமலேயே படித்தாள். கப்பல் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னல் ஓரத்தில் நின்ற இடம் வந்ததும் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "புதுப் பாரம் கையில குடுத்தாங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். "மறுபடி வரிசையில நிக்க சோம்பேறித்தனம்னுதான் இவ்ளோ நாளா நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். அந்தப் பாராவை இன்னொரு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய், நான் கேட்காமலேயே ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் இந்த வீட்டில் இது நடக்காத காரியம் என்பது உனக்குத் தெரியும்.

பத்திரிகை மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். தேதி, மண்டபம், எங்கள் பெயர்கள் எல்லாம் சரிபார்த்துவிட்டேன். 'திருவளர்செல்வி'க்குப் பக்கத்தில் மட்டும் அச்சகத்துக்காரர் கேட்டதற்குக் காலியாக விடச் சொல்லிவிட்டேன். கட்டம் என்றால் கை பரபரக்கும், பேனாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீயே எழுதிப் படம் எடுத்து அனுப்பு. திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வழியில் எங்கும் சாப்பிட நிற்க மாட்டேன்.

எந்தப் பெயர் போட்டாலும் சரி. முகூர்த்தத்தன்று நான் கரையில்தான் இருப்பேன். இரண்டு செருப்போடு.

உன் அப்பா